இளைஞர் குழுவோடு ஆற்றில் ராஃப்டிங்: பொறுப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியோ, மன்றமோ, சாரணர் இயக்கமோ, எந்தக் குழுவாக இருந்தாலும் சரி: 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை ராஃப்ட்டில் (காற்றடைத்த ரப்பர் படகில்) ஏற்றி, காட்சி பார்த்தபடி ஒரு நாள் ஆற்றோடு போய்வர நினைக்கும் பொறுப்பாளர்களுக்கான பக்கம் இது. படகு ஓட்டுவதைக் கைடு பார்த்துக்கொள்வார். மற்ற எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அந்த மற்றவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

கிரேடு 1, கிரேடு 2 என்கிறார்களே, அது என்ன? எங்கள் குழுவுக்கு எது சரி?

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை பிரித்துச் சொல்லும் சர்வதேச அளவு அது. கிரேடு 1 என்றால் நீர் ஓடுகிறது, சின்ன அலைகள் இருக்கின்றன, வழியில் தடை என்று பெரிதாக எதுவும் இல்லை. கிரேடு 2இல் பாறைகள் தலைகாட்டும். ஆனால் வழி அகலமாக, கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். கிரேடு 3இல் அலைகள் ஒழுங்கில்லாமல் அடிக்கும், குறுகலான இடத்தில் படகை வளைத்துத் திருப்ப வேண்டி வரும், எல்லோரும் நனைவார்கள். 4, 5 எல்லாம் அனுபவம் உள்ளவர்களுக்கு. 6 என்பது கைதேர்ந்தவர்களே கரையில் நின்று நெடுநேரம் யோசிக்கும் இடம்.

இந்த எண் கல்லில் எழுதியது இல்லை. நீர்மட்டம் ஏறினால் அதே ஆறு வேறு ஆறாகிவிடும். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தாலோ, உதவி வந்து சேர நாள் கணக்காகும் அத்துவானத்தில் ஆறு இருந்தாலோ, எண் என்னவாக இருந்தாலும் ஒரு படி கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளைக் கேட்டால் "நாலு" என்பார்கள். கேளுங்கள், கேட்டுவிட்டு 1-2 கிரேடு ஆற்றையே எடுங்கள். நடுவில் ஒரு கிரேடு 3 ரேப்பிட் (நீர் நுரைத்து வேகமாகப் பாயும் இடம்) வந்தால் கத்தி ஆர்ப்பரிக்க அது தாராளம். குழுவில் துணிச்சல்காரனை வைத்து ஆற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; ஆக அதிகமாகப் பயப்படும் பிள்ளைக்கு எது தாங்குமோ அதுதான் குழுவின் கிரேடு. இன்னொன்றும் உண்டு. வேகமான நீரில் ஒருவரும் ஒருவரோடும் பேச முடியாது, எதையும் பார்க்கவும் முடியாது. காட்சிக்காகப் போகிறோம் என்றால் மெதுவான நீர்தான் வேண்டும்.

எந்த மாதத்தில் போவது?

காலண்டரைப் பார்க்கும் முன், அந்த ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூன்று வகை உண்டு.

பனி உருகி வரும் ஆறு வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில் ஒரு மட்டம், மாலையில் ஒரு மட்டம் என்று ஒரே நாளில் மாறும். வெளியே வெயில் கொளுத்தும், தண்ணீரோ பனிக்கட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழையை நம்பிய ஆறு மழைக்காலத்தில் பயமுறுத்தும், கோடையில் கல்லும் மணலுமாகக் கிடக்கும். மழை ஓய்ந்து நீர் தெளிந்த வாரங்கள்தான் அதற்கு நல்லவை. மூன்றாவது, அணையிலிருந்து திறந்துவிடும் ஆறு. இதில் மட்டத்தை முடிவு செய்வது வானம் இல்லை, அணையை நிர்வகிப்பவர்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு திறக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பெரிய அணைகளில் அடிமட்டத்திலிருந்து நீர் வந்தால் நடுக்கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும்.

நீரோட்டத்தை விநாடிக்கு இத்தனை கன அடி அல்லது கன மீட்டர் என்று சொல்வார்கள் (1 கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி). உங்கள் ஆற்றுக்கு எந்த எண் இதமானது, எந்த எண்ணுக்கு மேல் போகக்கூடாது என்று நடத்துபவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க அந்த எண்ணைப் பார்த்து வந்தால், கிளம்பும் நாளில் ஆறு உங்களுக்குப் புதியதாக இருக்காது.

ராஃப்டிங் நடத்துபவரை எப்படி நம்புவது?

உரிமம், காப்பீடு, கைடுகளின் முதலுதவிச் சான்று, வேகநீர் மீட்புப் பயிற்சி ஆகியவற்றைக் கேளுங்கள். சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு கைடுகளுக்குப் படிநிலை வாரியாகச் சான்றிதழ் தருகிறது. வேறு பல நாட்டு அமைப்புகளும் தருகின்றன. காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது இன்னும் காலாவதி ஆகவில்லையா என்றும் பாருங்கள்.

அப்புறம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "எந்த மட்டத்தில் நீங்கள் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" நல்ல ஆள் ஓர் எண்ணைச் சொல்வார், எப்படி அளக்கிறார் என்றும் சொல்வார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடுங்கள்.

செலவைக் குறைக்க நாங்களே படகை வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?

அந்த ஆற்றை அந்த மட்டத்திலேயே ஓட்டிப் பழகியவர்கள் உங்கள் பெரியவர்களில் படகுக்கு ஒருவர் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம். காரில் இடத்தைப் பகிர்ந்து, பயண நேரத்தைச் சுருக்கி, சாப்பாட்டை நீங்களே சமைத்து எடுத்துப்போய்ப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

வயது வரம்பு என்ன?

நாட்டுக்கு நாடு, ஆற்றுக்கு ஆறு மாறும். அமைதியான நீரில் சிறு குழந்தைகளையும் ஏற்றுவார்கள். கிரேடு 3க்கு பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயது கேட்பார்கள். அதற்கு மேல் பதினாறு என்பது பரவலான வழக்கம். வயதைவிட உடம்பின் அளவு முக்கியம். லைஃப் ஜாக்கெட் உடம்போடு பொருந்தாத ஒல்லிப் பிள்ளை பதினான்கு வயதானாலும் ஏறக்கூடாது.

நீச்சல் தெரியாதவர்களை அழைத்துப் போகலாமா?

1-2 கிரேடு ஆற்றில் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் யார் யாருக்கு நீச்சல் தெரியாது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். கூட்டத்தில் "யாருக்கெல்லாம் நீச்சல் தெரியாது, கை தூக்குங்கள்" என்றால் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் தூக்கமாட்டான். படிவத்தில் எழுதிக் கேளுங்கள், பெற்றோரிடமும் தனியாகக் கேளுங்கள்.

முடிந்தால் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் குளத்திலோ நீச்சல் குளத்திலோ எல்லோரையும் லைஃப் ஜாக்கெட்டோடு இறக்குங்கள். ஜாக்கெட் தன்னை மேலே தூக்கிப் பிடிக்கிறது என்று ஒரு முறை உடம்பால் உணர்ந்துவிட்ட பிள்ளையின் முகமே மாறிவிடும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இது தேவைதான்: ஜாக்கெட்டோடு நீந்துவது அவர்களுக்குப் பழகிய நீச்சல் இல்லை.

லைஃப் ஜாக்கெட் சரியாக இருக்கிறதா என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, பிள்ளையின் இரு தோள்பட்டைகளிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது காதுவரை எழும்பி வந்தால் ஒன்று தளர்வு, இல்லை அளவு பெரிது. இறுக்கும்போது இடுப்பிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். "மூச்சு முட்டுது" என்று முனகினால், ஆழமாக ஒரு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இழுக்க முடிந்தால் சரியான இறுக்கம்தான்.

காற்றூதிப் பெருக்கும் வகை ஜாக்கெட் ராஃப்டிங்குக்கு ஆகாது. பாறையில் உரசினால் கிழியும். உள்ளே நுரைப்பஞ்சு வைத்தது வேண்டும். கொக்கி உடைந்தது, தையல் விட்டது, வெயிலில் வெளுத்து நைந்தது எதையும் வாங்காதீர்கள். மாற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மதிய உணவுக்குக் கரை ஒதுங்கியதும் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி வீசுவார்கள். தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் கழற்றலாம் என்று ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஹெல்மெட் வேண்டுமா?

கிரேடு 3 இருந்தால் கட்டாயம். பாறை நிறைந்த, ஆழம் குறைந்த ஆறு என்றால் கிரேடு 2இலும் போடச் சொல்லுங்கள்.

என்ன உடுத்துவது?

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் சட்டை, அரைக்கால் சட்டை அல்லது இறுக்கமான நீள்காற்சட்டை போதும். குளிர் என்றால் கம்பளி அல்லது ஃப்ளீஸ். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் வெட்சூட் (குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) கேளுங்கள்.

காலுக்கு, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்போ பழைய ஷூவோ. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே தனிப்பயணம் கிளம்பிவிடும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். மோதிரம், நீண்ட காதணி, கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டில். சன்ஸ்கிரீன் முகம், கழுத்து, கை, பாதத்தின் மேற்புறம் எல்லாம் பூசலாம். தொடையின் பின்பக்கம் மட்டும் வேண்டாம், ராஃப்ட்டின் விளிம்பில் உட்கார்ந்தால் வழுக்கும். மாற்று உடை ஒரு செட், துண்டோடு, பயணம் முடியும் இடத்தில் நிற்கும் வண்டியில் இருக்கட்டும். தொடங்கும் இடத்தில் விட்டுவிட்டு வந்து ஈரத்தோடு நடுங்கும் குழுக்கள் ஏராளம்.

படகில் யார் எங்கே உட்காருவது?

கைடு சொல்வார், அதை மாற்றாதீர்கள். பொதுவாக, 4 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ராஃப்ட்டில் ஆறிலிருந்து எட்டு பேரும் ஒரு கைடும் போகலாம். முன்வரிசையில் இருப்பவர்களின் துடுப்பு வீச்சைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் வீசுவார்கள். எனவே அங்கே பலசாலியைவிட, சொன்னால் கேட்கும், தாளம் தப்பாத இரண்டு பேர் வேண்டும். நெருங்கிய நண்பர் கூட்டத்தை ஒரே படகில் ஏற்றினால் கைடின் குரல் காதில் விழாது. நான் எப்போதும் இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுவேன். மதியத்துக்குப் பிறகு மாற்றித் தருவேன் என்று சொன்னால் முணுமுணுப்பு அடங்கும்.

துடுப்பைப் பிடிக்கும் விதத்தை மட்டும் கரையிலேயே கண்டிப்பாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். துடுப்பின் மேல்முனை ஆங்கில 'டி' எழுத்துபோல் குறுக்குக் கட்டையாக இருக்கும். ஒரு கை எந்நேரமும் அதை மூடிப் பிடித்தபடி இருக்க வேண்டும். படகு ஒரு பாறையில் இடித்துக் குலுங்கும்போது, பிடி விட்டுப்போன அந்தக் கட்டை பக்கத்தில் இருப்பவரின் பல்லைத்தான் தேடிப்போகும். ராஃப்டிங்கில் உதடு கிழிவதும் பல் உடைவதும் பெரும்பாலும் ஆற்றால் இல்லை, அடுத்த ஆளின் துடுப்பால்.

எத்தனை பெரியவர்கள் வேண்டும்?

படகுக்கு ஒரு கைடு, அதோடு உங்கள் குழுவின் பெரியவர் ஒருவர். கைடு ஆற்றைப் பார்ப்பார், உங்கள் ஆள் பிள்ளைகளைப் பார்ப்பார். எவ்வளவு சின்னக் குழுவானாலும் இரண்டு படகுகளாவது போகட்டும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றொன்று உதவும். தண்ணீருக்கு வராமல் கரையில், வண்டியோடு, போன் சிக்னல் உள்ள இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நாம் எத்தனை மணிக்குள் கரையேறாவிட்டால் யாரை அழைப்பது என்று எழுதிய தாள் அவரிடம் இருக்கட்டும்.

தலை எண்ணுவது சலிப்பான வேலைதான். ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுங்கள். பிள்ளைகளையே ஒன்று, இரண்டு என்று கத்தச் சொன்னால் விளையாட்டாகப் போய்விடும்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

அமைதியான ஆற்றின் ஓட்டம் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துப்போகும். அதை வைத்து "ஆறு மணி நேரம், முப்பது கிலோமீட்டர்" என்று கணக்குப் போட்டால் இருட்டியும் கரை சேரமாட்டீர்கள். புறப்பாட்டுப் பயிற்சிக்கே ஒரு மணி நேரம் போகும். சாப்பாடு, சிறுநீர் கழிக்க நிறுத்தம், குளியல், பார்க்க நின்ற இடம் எல்லாம் உண்டு. பிற்பகலில் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று கிளம்பினால், ஓட்டம் குறைந்த மடுக்களில் துடுப்புப் போட்டும் படகு நகராது. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோரும் களைத்திருப்பார்கள். 12 முதல் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் முடிந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால்?

விழுவார்கள். விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கைடு சொல்லித்தருவார். நீங்களும் முன்பே ஒரு முறை சொல்லிவையுங்கள், இரண்டாவது முறை கேட்கும்போதுதான் மனதில் பதியும்.

மல்லாந்து படுக்க வேண்டும், கால்கள் ஓட்டம் போகும் திசையில் நீட்டியிருக்க வேண்டும், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் பாதம் முதலில் படும், மண்டை இல்லை. கைகளால் துழாவியபடி படகையோ கரையையோ நோக்கி ஒதுங்கலாம். கைடு "நீந்து" என்று கத்தினால் குப்புறத் திரும்பி முழு வேகத்தில் நீந்த வேண்டும்.

எந்த நிலையிலும் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. இடுப்பளவுதானே என்று தோன்றும். நின்றால், அடியில் இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் மாட்டும். ஓட்டம் முதுகில் தள்ளும். முன்னால் கவிழ்ந்த உடம்பை நிமிர்த்தவே முடியாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, மனிதக் காலால் அதை எதிர்க்க முடியாது. நீர் முழங்காலுக்குக் கீழே வந்து, ஓட்டமும் தணிந்த பிறகே எழ வேண்டும்.

கரையிலிருந்தோ படகிலிருந்தோ கயிறு வைத்த பையை வீசினால், பையைப் பிடிக்கக் கூடாது, கயிற்றைப் பிடிக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கயிற்றைத் தோள்மீது போட்டு மார்போடு பிடித்து மல்லாந்தால், ஓட்டமே ஆளைக் கரைக்குத் தள்ளிவிடும்.

படகுக்குள் தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் இறங்கிவிடும். ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து, முழங்காலைப் படகு விளிம்பில் முட்டுக்கொடுத்து, பின்னால் சாய்ந்தால் போதும். ஐம்பது கிலோ சிறுமி எழுபது கிலோ ஆசிரியரைத் தூக்கிப் போட்டுவிடலாம். இதைக் கரையிலேயே ஒத்திகை பாருங்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

தண்ணீர் குளிர்ந்திருந்தால் என்ன ஆகும்?

சட்டென்று விழுந்தவுடன் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், படபடவென்று வாங்கும். அந்த முதல் 1 நிமிடத்தில் வேறொன்றும் செய்ய வேண்டாம், வாயை நீருக்கு மேலே வைத்து மூச்சைச் சீராக்கினால் போதும். அதன் பிறகு சுமார் 10 நிமிடம் கை, கால் சொன்னபடி கேட்கும். வெளியே வர வேண்டியது அதற்குள். உறைநிலையை ஒட்டிய நீரிலும் குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம்போல ஆகும். ஆகவே பதறத் தேவையில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

அமைதியான ஆறுதானே, உண்மையில் ஆபத்து எங்கே?

அமைதியான இடங்களில்தான். வெள்ளை நுரையோடு இரையும் ரேப்பிட்டைக் கண்டால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். பின்வரும் இரண்டும் சத்தம் போடாது.

ஒன்று, ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளின் ஊடே புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. சல்லடையில் தங்கியதுபோல் ஓட்டம் ஆளை அதிலேயே அழுத்தி வைக்கும். வளைவின் வெளிப்பக்கம் ஓட்டம் கரையை அரிப்பதால் மரங்கள் அங்கேதான் அதிகம் விழும், படகையும் ஓட்டம் அங்கேதான் தள்ளும். தப்ப முடியாமல் மரத்தை நோக்கிப் போகிறோம் என்றால் மட்டும் மல்லாந்த நிலையை விட்டுவிட வேண்டும்: தலையை முன்வைத்து வேகமாக நீந்தி, உந்தி, மரத்தின் மேல் ஏறிவிட வேண்டும். அடியில் போகவே கூடாது.

இரண்டு, குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் ஒரு நேர்கோடு தெரியும், அவ்வளவுதான். ஆனால் கீழே விழும் நீர் அணை நெடுகிலும் சுருண்டு திரும்பி அணையை நோக்கியே வரும். உள்ளே போன ஆளையும் படகையும் வெளியே விடாமல் புரட்டிக்கொண்டே இருக்கும். வழியில் அப்படி ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எந்தக் கரையில் இறங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று வரைபடத்தை வைத்துக் கேளுங்கள்.

அப்புறம், கரை. வழுக்குப்பாறையில் ஓடுவது, ஆழம் பார்க்காமல் குதிப்பது, கண்ணாடித்துண்டை மிதிப்பது.

பாறையிலிருந்து குதிக்கலாமா என்று கேட்பார்களே?

கேட்பார்கள், கெஞ்சுவார்கள். போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் ஒரு மரக்கட்டை வந்து கிடக்கலாம். எனவே கைடு அன்றைக்கு இறங்கிப் பார்த்த இடத்தில் மட்டும், கால் முதலில், ஒருவர் பின் ஒருவராக. தலைகீழாகக் குதிப்பது எங்கேயும் கிடையாது. கைடு இல்லை என்று சொன்னால், நீங்கள் "ஒரு தடவை மட்டும்" என்று பேரம் பேசாதீர்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் சொல்லை நீங்கள் எடுத்தெறிந்தால், அடுத்த ரேப்பிட்டில் அவர் சொல்லை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு உள்ள பிள்ளைகள்?

வலிப்பு, இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் பெரும்பாலும் தடையில்லை, மருந்து எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்ஹேலர், ஒவ்வாமை ஊசி இரண்டும் அந்தப் பிள்ளை இருக்கும் அதே படகில், தண்ணீர் புகாப் பையில் இருக்க வேண்டும். வேறு படகில் இருந்தால் வீட்டில் இருப்பதும் அதுவும் ஒன்று. இன்சுலின் வெயிலில் கெடும், குளிர்பையில் வையுங்கள். தண்ணீர் புகாப் பையின் வாயை மூன்று சுற்றாவது மடித்துக் கொக்கி போட வேண்டும். ஒரு சுற்று மடித்தால் உள்ளே குளம்தான்.

மாதவிடாய் நாளாக இருந்தால் பெண்பிள்ளைகள் வரலாமா?

தாராளமாக. டாம்பனோ கப்போ பழகியவர்களுக்குச் சிரமமே இல்லை. நாப்கின் மட்டுமே பழக்கம் என்றால், அது நனைந்து கனக்கும் என்பதால் மாதவிடாய் உள்ளாடையும் கருநிற அரைக்கால் சட்டையும் உதவும். பெண் பொறுப்பாளர் ஒருவர் முந்தின வாரமே எல்லாப் பெண்பிள்ளைகளிடமும் பொதுவாகப் பேசிவிட வேண்டும். யாரும் வந்து கேட்கும்வரை காத்திருந்தால், கேட்காமல் பெயரை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மாற்றுப் பொருட்களும் பயன்படுத்தியதைப் போட மூடிய பையும் ஒவ்வொரு படகிலும் இருக்கட்டும்.

கழிப்பறைக்கு என்ன செய்வது?

ஏறும் முன் எல்லோரும் போய்விட்டு வரட்டும். வழியில், அந்த ஆற்றுக்கென்று உள்ள விதியைக் கைடு சொல்வார். விதி எதுவும் இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுவது வழக்கம். காகிதத்தைப் பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். சோப்பு, 'இயற்கையானது' என்று எழுதியிருந்தாலும், ஆற்றில் கூடாது.

குடிநீர், சாப்பாடு?

தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால் தாகம் தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர், மூடியில் கயிறு கட்டிய பாட்டிலில். ஆற்று நீர் பளிங்குபோல் இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. கொதிக்க ஆரம்பித்தபின் 1 நிமிடம், 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சாப்பாடு ஒரு கையால் பிடித்துச் சாப்பிடக்கூடியதாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

போன் எடுத்துப் போகலாமா?

பொறுப்பாளர்களில் இருவர், தண்ணீர் புகா உறையில். பிள்ளைகளுடையது வண்டியில். படம் எடுக்க ஒரு கேமராவை ஜாக்கெட்டோடு கட்டிய ஒருவரிடம் கொடுங்கள். எல்லோருக்கும் படம் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டால் சச்சரவு பாதியாகக் குறையும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது, கைடிடம் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரேப்பிட் இல்லாத இடத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாதா?

தட்டும். அரைமணி நேரத்தில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைக்கத் தொடங்குவார்கள். இறைக்கட்டும், கொஞ்ச நேரம். அதன்பின் ஆற்றை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஒரு முறை பிடிபட்டுவிட்டால் அவர்களே உங்களுக்குக் காட்டுவார்கள்.

முன்னால் நீரின் மேல் ஒரு 'வி' வடிவம் தெரிகிறதா, அதன் கூர்முனை எந்தப் பக்கம் இருக்கிறது? முனை நம்மை நோக்கி இருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. நம்மைவிட்டு விலகி, ஓட்டம் போகும் திசையில் இருந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே வழி அதுதான். பெரிய பாறைக்குப் பின்னால் பாருங்கள், நுரைத்துளிகள் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்: ஆறு அங்கே திரும்பி ஓடுகிறது, படகை அங்கே நிறுத்தி இளைப்பாறலாம். வளைவின் உட்பக்கம் மணல்திட்டு, வெளிப்பக்கம் ஆழம், ஏன்? அடுத்த வளைவு வரும்முன் எந்தப் பக்கம் மணல் இருக்கும் என்று படகுக்குப் படகு பந்தயம் வைக்கலாம்.

கரையோர மரங்களில், உட்கார்ந்திருக்கும் உங்கள் தலைக்கு மேலே, கிளைகளில் காய்ந்த புல்லும் கந்தலும் சிக்கித் தொங்குவதைக் காட்டுங்கள். யாரும் அங்கே கொண்டுபோய்க் கட்டவில்லை. வெள்ளம் வந்தபோது ஆறு அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. கேட்டவுடன் படகில் பேச்சு நின்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஓரிடத்தில் பத்து நிமிடம் துடுப்புகளை மடியில் வைத்து, பேசாமல் மிதக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் கிளுகிளுப்புச் சிரிப்பில் போகும். பிறகு துடுப்பு நுனியில் சொட்டும் நீர்கூடக் கேட்கும், மீன்கொத்தி குறுக்கே பறக்கும், ஊசித்தட்டான் வந்து படகின் விளிம்பில் உட்காரும். படகுகளை நூறு மீட்டர் இடைவெளி விட்டுப் பிரித்தால் இன்னும் நல்லது.

ஏறிய பிறகு ஒரு பிள்ளை பயந்து அழுதால்?

"இதுக்குப் போய் பயப்படலாமா" என்று ஒருவரும் சொல்லக்கூடாது, அண்ணன்மார்கள் உட்பட. கைடுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வேலை கொடுங்கள்: பாறை வந்தால் சொல், தலை எண்ணு, ஏதாவது. ஆபத்தான இடத்துக்கு முன் கரையோரமாக நடந்து போய் மறுபக்கம் ஏறிக்கொள்ள வழி உண்டா என்று கைடிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உண்டு என்றால் அதை எல்லோருக்கும் பொதுவான வாய்ப்பாக அறிவியுங்கள். துணைக்கு ஒரு பெரியவர் "நானும் நடக்கிறேன்" என்றால் அவமானம் இல்லாமல் போகும்.

மழை வந்தால் நிறுத்த வேண்டுமா?

நனைவது பிரச்சினை இல்லை, நனையத்தானே வந்தோம். இடி கேட்டால் தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் ஆற்றின் மேற்பகுதியில், மலையில் பெய்த மழை ஆற்றில் வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, ஓசை மாறுவது, எல்லாம் மட்டம் ஏறுவதன் அறிகுறி. கரையில் தங்கும் ஒவ்வொரு முறையும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, அதைப் பார்க்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். குச்சியைத் தாண்டி நீர் ஏறினால் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

பெற்றோரிடம் என்ன சொல்வது?

எல்லாவற்றையும். ஒப்புதல் படிவத்தை மட்டும் அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் போதாது. ஆறு எது, கிரேடு என்ன, பிள்ளைகள் தண்ணீரில் விழலாம், படகு கவிழலாம் என்பது, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தொலைவு, எத்தனை மணிக்குத் தகவல் சொல்வோம் என்பது எல்லாம் நேரில் சொல்லுங்கள். "ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என்ன ஆனால் என்ன செய்வோம் என்று சொல்பவரைத்தான் பெற்றோர் நம்புவார்கள்.

கிளம்பும் அன்று காலையில் மட்டம் ஏறியிருந்தால்?

ரத்து. நடத்துபவர் சொன்ன எண்ணைத் தாண்டியிருந்தால் வேறு பேச்சில்லை. எண்ணைத் தாண்டாவிட்டாலும் கைடு தயங்கினால் ரத்து. அவர் தயங்காமல் உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டாலும் ரத்து. இதைச் சுலபமாக்க இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, முன்பணம் கட்டும் முன்பே, மட்டம் காரணமாக ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி தருவார்களா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் போய்விடுமே என்ற கவலையில் ஆற்றில் இறங்கிய குழுவாக நீங்கள் இருக்க வேண்டாம். இரண்டு, அதே பக்கத்தில் ஒரு நடைபாதையோ, அருவியோ, அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் படகுச் சவாரியோ பார்த்து வையுங்கள். பேருந்தில் ஏறும்போதே "இன்று ஆறு, இல்லாவிட்டால் மலை" என்று சொல்லிவிட்டால், மாற்றத்தைச் சொல்லும்போது கூச்சல் குறைவாக இருக்கும்.